தரணியின் தலைமேல் ஒரு சத்தியம்

1

அயர்லாந்தில் நான் நர்ஸாக வேலை செய்யும் மருத்துவமனையில், கர்ப்பிணிப் பெண்களுக்கென்று தனியாக ஒரு கழிப்பறை உண்டு. அதன் கதவின் உட்பக்கத்தில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகத் தெரியும்படி ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும். வீட்டில் யாருக்காவது பயந்து வாழ்கிறீர்களா? அப்படியென்றால் சிறுநீர்ப் புட்டியின் அடியில் இந்தச் சிவப்புப் பொட்டை ஒட்டிக் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அதில் இருக்கும். பக்கத்திலேயே பொட்டு அட்டை தொங்கும். நம் ஊர் ஃபேன்சி ஸ்டோரில் விற்கிற ஒட்டுப்பொட்டு அளவுதான்.

போன வாரம் ஒரு பெண் புருஷனோடு வந்தாள். வெள்ளைக்காரிதான். அவளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அவன்தான் பதில் சொன்னான். நல்ல சிரித்த முகம். பெண்டாட்டியின் ரத்த வகைகூட அவனுக்கு மனப்பாடம். எங்கள் இளம் நர்ஸ் ஒருத்தி என் காதில், "எவ்வளவு அக்கறையான ஆள் பாருங்கள்" என்றாள். அந்தப் பெண் கழிப்பறைக்குப் போய்வந்து கொடுத்த புட்டியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் சிவப்புப் பொட்டு.

அதற்குப் பிறகு நாங்கள் செய்வது ஒரு நாடகம். காரைத் தப்பான இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள், உடனே எடுக்கச் சொல்கிறார்கள் என்று அவனைக் கீழே அனுப்பினோம். அவன் போனதும் அவளைத் தனி அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தி, மூத்த நர்ஸ் மெதுவாகக் கேட்டாள். அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள். நடுவில் யாரும் குறுக்கே பேசவில்லை.

நான் துணிகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் போய் நின்று அழுதேன். அவளுக்காக அழுதேன் என்று எழுதினால் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொள்வீர்கள். நான் பொறாமையில் அழுதேன். என் தங்கை கலாவை அப்படி ஓர் அறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளைக் கேட்டபோதெல்லாம் சுற்றி ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது.

2

எங்கள் பிறந்த வீடு திருநாவலூர் பக்கம். அண்ணன் ஏழுமலை குத்தகைக்கு நிலம் பிடித்துக் கரும்பு போடுகிறார். அப்பா இல்லை. அம்மா அண்ணனோடு இருக்கிறாள். கலாவைக் கச்சிராயபாளையத்தில் கொடுத்தோம். கொடுத்தோம் என்றுதான் இன்றைக்கும் எழுத வருகிறது. கொடுத்ததைத் திரும்பக் கேட்பது மரியாதை இல்லை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் புருஷன் பழனி சொந்தமாக லோடு வண்டி வைத்திருக்கிறான். கச்சிராயபாளையத்தில் மளிகைச் சாமான் ஏற்றிக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை வரைக்கும் போவான். இறங்கும்போது மரவள்ளிக் கிழங்கோ மக்காச்சோளமோ ஏற்றிக்கொண்டு வருவான். குடிக்க மாட்டான். எங்கள் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளைக்கு இதற்கு மேல் நற்சான்று கிடையாது. கருணாபுரத்தில் சாராயத்தைக் குடித்துக் கொத்துக்கொத்தாகச் செத்தார்களே, அந்த வருஷம் இந்த நற்சான்றுக்கு மவுசு இன்னும் ஏறிவிட்டது. அம்மா போனில் என்னிடம் பூரித்துப்போய்ச் சொன்னாள்.

"நம்ம மாப்ள அத மோந்துகூட பாக்க மாட்டாரு. சாமி புண்ணியத்துல கலா குடுத்து வச்சவ."

குடுத்து வைத்தவளுக்கு அந்த மாதம்தான் இடது காது போனது.

மலைப்பாதையில் எல்லா இடத்திலும் போன் எடுக்காது. ஏதோ ஒரு வளைவில் மட்டும் டவர் கிடைக்கும். பழனி அந்த வளைவில் வண்டியை நிறுத்தி வீட்டுக்குப் போன் போடுவான். அன்றைக்குப் போட்டபோது லைன் பிஸி. மறுபடி போட்டபோதும் பிஸி. கலா என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். என் மகள் மதி பள்ளி நாடகத்தில் ஆடாக நடித்ததைச் சொல்லி இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தோம். பழனி மலையிலிருந்து இறங்கி, சரக்கை இறக்கி, கைகால் கழுவி, சாப்பிட்டு முடித்து, அதற்குப் பிறகு காதோடு சேர்த்து ஓர் அறை விட்டான். போதையில் அடிக்கிறவன் கை எங்கே விழும் என்று அவனுக்கே தெரியாது. இவனுக்குத் தெரியும்.

கள்ளக்குறிச்சியில் காது டாக்டர் கேட்டதற்கு, "மாடு முட்டிடுச்சுங்க" என்றாளாம் கலா. அவர்கள் வீட்டில் மாடு கிடையாது. எங்கள் பக்கத்துப் பெண்களை முட்டியிருக்கிற மாடுகளையெல்லாம் ஒன்றாகக் கட்டினால் கோமுகி அணைக்கரை கொள்ளாது. டாக்டரும் மாடு என்றே எழுதிக்கொண்டார்.

3

கலா மகள் தரணியை இழுத்துக்கொண்டு, மாற்றுத்துணிகூட எடுக்காமல் பஸ் ஏறி அம்மா வீட்டுக்கு வந்தாள். தரணிக்கு அப்போது விவரம் தெரிந்த வயசுதான். நிலைப்படியில் நின்ற மகளிடம் அம்மா கேட்ட முதல் கேள்வி இது: "மாப்ளகிட்ட சொல்லிட்டுத்தான வந்த?"

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடினார்கள். அண்ணன் என்னைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, ஒரு நாற்காலியில் வைத்தார். வெளிநாட்டில் இருப்பவளுக்கும் சபையில் ஓர் இடம் கொடுத்த பெருமை அவருக்கு. பழனியின் பெரியப்பாதான் பேச்சைத் தொடங்கினார்.

"இன்னாம்மா, அவன் குடிச்சிட்டு வந்து அடிச்சானா?"

"இல்லீங்க."

"சீட்டு ஆடுறானா? வேற எவகிட்டயாவது போறானா?"

"இல்லீங்க."

"அப்பறம் இன்னா? கட்னவன் கோவத்துல ஒண்ணு வச்சிட்டான். அதுக்கு வூட்ட வுட்டு ஓடியாந்துடறதா?"

"காது கேக்கலீங்க மாமா" என்றாள் கலா.

"இன்னொரு காது இருக்குது இல்ல?" என்றார். யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. நான் நாற்காலியிலிருந்து கத்தினேன். அண்ணன் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

கடைசியில் சத்தியம் வாங்கினார்கள். இது எங்கள் பக்கத்தில் நான் பார்த்து வளர்ந்த வழக்கம். ஆம்பளை சூடம் அணைப்பான். பொம்பளை பெற்ற பிள்ளையின் தலைமேல் கை வைப்பாள். பழனி ஒரு வெற்றிலைமேல் சூடத்தைக் கொளுத்தி, "இனிமே இவமேல கை நீட்ட மாட்டேன்" என்று உள்ளங்கையால் அணைத்தான். அதோடு முடிந்திருக்கலாம். பெரியப்பாவுக்கு நியாயம் சமமாக இருக்கவேண்டும்.

"பொண்ணு பக்கமும் ஒண்ணு சொல்லணும் இல்ல? இனிமே வாசப்படி தாண்ட மாட்டேன், வூட்டு விசயத்த போலீசு, கோர்ட்டுன்னு எவன்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு புள்ள தலைமேல கைய வச்சி சொல்லச் சொல்லு."

தரணியைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார்கள். கலா கை வைத்தாள். நான் பார்க்கவில்லை, கேட்டேன். "சொல்ல மாட்டேன்" என்ற குரல் கேட்டது. பிறகு அம்மா எல்லோருக்கும் காப்பி போட்டாள்.

பழனியின் சத்தியம் மாரியம்மன் தேர்த்திருவிழா வரைக்கும்கூடத் தாங்கவில்லை. அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. அணைந்த சூடம் யாரை என்ன செய்துவிடும்? கலாவின் சத்தியம் அப்படி இல்லை. அது உயிரோடு, சடை பின்னிக்கொண்டு, தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தது.

4

இங்கே என் நாட்கள் எப்படிப் போகும் என்று ஊரில் பலரும் கேட்கிறார்கள். காலையில் மழை. மருத்துவமனை. சாயங்காலம் மழை. மதிக்குச் சோறு பிடிக்காது, ரசம் என்றால் காரமான சூப் என்று தோழிகளுக்கு விளக்குகிறாள். அவளுக்குச் சித்தி என்பது ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து, "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்கும் ஓர் அம்மாள். அவள், "சாப்ட்டேன் சித்தி, பை" என்பாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தையும் இல்லை.

கூட வேலை செய்யும் ஒருத்தியிடம் ஒருநாள் மனசு தாங்காமல் சொன்னேன். என் ஆங்கிலம் கோபத்தில் குழறும். அடிபடுவதற்கும் ஆட்டத்தில் தோற்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். தங்கை வாரா வாரம் அடி வாங்குகிறாள் என்று நான் சொன்னதை, தங்கை வாரா வாரம் தோற்கிறாள் என்று அவள் எடுத்துக்கொண்டு, "எந்த விளையாட்டில்?" என்று ஆர்வமாகக் கேட்டாள். நான் கபடி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். விளக்கிச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை.

நேரில் போயிருக்கலாமே என்பீர்கள். குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அது கைக்கு வராமல் நாட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பதற்கு, அந்த அலுவலகத்தின் பதில் அவர்களுடைய இணையதளத்தைப் பார்க்கவும் என்பதுதான். இணையதளத்தில் அலுவலகத்தைக் கேட்கவும் என்று இருந்தது. சரி, நம் ஊர்ப் பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடலாம் என்று பார்த்தால், அந்தக் குட்டி எண் வெளிநாட்டிலிருந்து போகவே இல்லை. முன்னால் எதை எதைச் சேர்த்துப் போட்டாலும், நீங்கள் அழைத்த எண் சரியானதல்ல என்று ஒரு பெண் குரல் அழகான ஆங்கிலத்தில் சொன்னது.

கடைசியில் ஆன்லைனில் புகார் மனு கொடுக்க உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் எழுதினேன். காதில் அறைந்தது, இடுப்புப் பெல்ட்டைக் கழற்றி அடித்தது, விலா எலும்பில் உதைத்தது, எல்லாம். அனுப்பப் போனால் ஓடிபி கேட்டது. அதுவும் இந்திய எண்ணுக்குத்தான் வரும்.

வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஆதாருக்கும் பேங்குக்கும் கொடுத்த பழைய ஊர் எண்ணைச் சாகவிட முடியாது. சிம்மை அண்ணன் போனில் இரண்டாவது துளையில் போட்டுவைத்து, மாதா மாதம் ரீசார்ஜ் செய்து உயிரைப் பிடித்துவைத்திருப்போம். கூப்பிட்டு, "ஓடிபி ஒண்ணு வரும், சொல்லுண்ணா" என்றால் போதும். அவரும் எதற்கென்று கேட்டதே இல்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. கரும்புக் காட்டில் நின்றுகொண்டு, கண்ணாடியைத் தேடி, ஒவ்வொரு எண்ணாக வாத்தியார் மாதிரி படித்தார். நான் போட்டேன். மனு போய்விட்டது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அன்றைக்கு மதிக்குப் பீட்சா வாங்கிக்கொடுத்தேன்.

ஓடிபிக்குப் பின்னாலேயே ஒப்புகைச் செய்தியும் அதே எண்ணுக்குத்தான் போகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. குடும்ப வன்முறை குறித்த தங்கள் மனு ஏற்கப்பட்டது என்று தமிழில், தெளிவாக, என் அண்ணன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் போன் செய்தபோது பீட்சா இன்னும் ஆறவில்லை.

"எங்கையாலயே ஓடிபி வாங்கி எங்குடும்ப மானத்த போலீசுல ஏத்திட்டியேடி" என்றார். அழுதார். அழுது முடித்ததும் பழனிக்குப் போன் போட்டு, மாப்பிள்ளை முன்னெச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் கலாவின் போன் எடுக்கவில்லை.

5

மனுமேல் விசாரணைக்கு ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே மட்டும்தான் அப்படி என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகிவிடுவார்கள்.

கலா போனாள். கூடவே பழனி, பெரியப்பா, அண்ணன், அம்மா எல்லோரும் போனார்கள். பள்ளிக்கு லீவு போடவைத்துத் தரணியையும் கூட்டிப்போனார்கள். அவளை ஏன் என்று கலா கேட்டிருக்கிறாள். "புள்ள கண்ணு முன்னாடி இருந்தா உனக்கு ஞாபகம் இருக்கும்" என்றானாம் பழனி.

அங்கே விசாரித்த போலீஸ் அதிகாரியும் ஒரு பெண்தான். கலாவைத் தனியாகக் கூப்பிடவில்லை. எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துவிட்டுப் பொதுவில் கேட்டார்.

"ஏம்மா, உன்ன அடிக்கறாரா உன் வூட்டுக்காரரு?"

ஒரு பக்கம் பழனி. ஒரு பக்கம் அண்ணன். முன்னால் தரணி. இடது பக்கம் நின்று கேட்டதால் கலாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. வலது காதைத் திருப்பினாள். அந்த அம்மா எரிச்சலோடு திரும்பக் கேட்டார். கலா தரணியின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே, "இல்லீங்க" என்றாள்.

"அப்பறம் யாரு இந்தப் புகாரக் குடுத்தது?"

"எங்கக்காங்க. வெளிநாட்ல இருக்குது. அதுக்கு அங்க பொழுது போவல."

இதை அண்ணன் எனக்கு வரிக்கு வரி நடித்துக் காட்டினார். பொழுது போகவில்லை என்ற இடத்தில் குரலைச் சற்று உயர்த்தினார். எனக்கு வலித்தது. பொய் சொல்லி என்ன பயன், நன்றாகவே வலித்தது. இரண்டு நாள் கலாமேல் ஆத்திரமாக இருந்தேன். மருத்துவமனையில் யாராவது அப்படிப் பேசினால் பயத்தில் பேசுகிறாள் என்று எனக்குப் பாடமாகத் தெரியும். தங்கை பேசியபோது அந்தப் பாடம் உதவவில்லை.

பேசித் தீர்த்துக்கொண்டதாக எழுதி மனுவை முடித்துவிட்டார்கள். வெளியே வந்து எல்லோரும் ஒரு கடையில் டீ குடித்தார்கள். டீக்குக் காசு கொடுத்தது பழனி என்பதை அண்ணன் எனக்கு மறக்காமல் சொன்னார். வீடு திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு பழனி செய்ததை அண்ணன் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை.

6

பிரச்சினை அதோடு ஓயவில்லை. நான் இருக்கிறேனே. இன்னொரு மனு போட்டுவிட்டால்? எனக்கும் வாய்ப்பூட்டு போட்டால்தான் குடும்பத்துக்கு உறக்கம் வரும் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மதியம், அவர்களுக்குச் சாயங்காலம். அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். ஊரில் எங்கள் பிறந்த வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரியப்பா. பழனியின் முன்னால் தண்ணீர்ச் சொம்பு. கலா பின்னால் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். தரணி அவள் பக்கத்தில்.

"பேச்ச வளக்க வேணாம் சுமதி" என்றார் அண்ணன். "இனிமே கலா குடும்ப விசயத்துல தலையிட மாட்டேன்னு மதி தலையில கைய வச்சி ஒரு வார்த்த சொல்லிடு. முடிஞ்சிது."

"சொல்லலைன்னா?"

"சொல்லலன்னா கலாவோட உனக்குப் பேச்சே கெடையாது. மாப்ள போன் குடுக்க மாட்டாரு. நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

கலா வாயைத் திறந்தாள். "பண்ணிடுக்கா. பண்ணிட்டா ஞாயித்துக்கெழமையாவது உன்னப் பாத்துக்குவேன்."

சத்தியம் பண்ணினால் அவள் அடிபடுவதை வாரம் ஒருமுறை முகத்தில் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். பண்ணாவிட்டால் உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாது. இப்படி ஒரு கணக்கை என் கூடப்பிறந்தவரே போட்டுக் கையில் கொடுக்கிறார். ஸோஃபாவில் போன் பார்த்துக்கொண்டிருந்த மதியைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்பது உண்மை. பண்ணிவிடத்தான் இருந்தேன்.

மதி வந்து நின்று, "எதுக்கு?" என்றாள். சொன்னேன். அவள் திரையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"என் தலையை ஏன் கேக்கறாங்க? நான் என்ன பண்ணேன்?" என்று அவளுடைய உடைந்த தமிழில் கேட்டுவிட்டு, என் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்ந்து நின்றுகொண்டாள்.

"பாத்தியா? பெத்த பொண்ணே பக்கத்துல நிக்க மாட்டேங்குது. இவ நம்ம கலாவக் காப்பாத்தப் போறாளாம்" என்றார் பெரியப்பா. கூடம் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

அப்போது தரணி எழுந்தாள். நேராக போன் முன்னால் வந்து நின்றாள்.

"பெரியம்மா, சத்தியம் பண்ணாத. எங்கம்மா பண்ணதாலதான் எல்லாம்."

"உக்காருடி" என்றான் பழனி.

"அப்பா தெனமும் அடிக்கறாரு பெரியம்மா. ஸ்டேஷன்ல அம்மா சொன்னது பொய்."

பழனி எழுந்ததை நான் பார்க்கவில்லை. சொம்பு வந்ததைத்தான் பார்த்தேன். எவர்சில்வர் சொம்பு, தண்ணீரோடு, பிள்ளையின் தலையில் விழுந்தது. டங்கென்ற சத்தம் இங்கே எங்கள் கூடத்தில் கேட்டது. தண்ணீர் வழிந்தது. பிறகு அந்தத் தண்ணீர் சிவந்தது. மதி வீரிட்டாள்.

கலா வந்தாள். ஓடி வந்தாள் என்று எழுத ஆசை. நடந்துதான் வந்தாள். தரணியின் தலையை முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெரியப்பாவைப் பார்த்துப் பேசினாள். அவள் குரல் அவ்வளவு சத்தமாக வந்து நான் கேட்டதே இல்லை.

"நல்லாப் பாத்துக்குங்க மாமா. எந்தத் தலைமேல என்ன சத்தியம் பண்ணச் சொன்னீங்களோ, அந்தத் தலைய ஒங்க புள்ளையே ஒடச்சிட்டாரு. இனிமே எனக்கு இன்னா சத்தியம்?"

"கலா, உள்ள போ" என்றார் அண்ணன்.

"போவ மாட்டேண்ணா. இவுரு கை நீட்ட மாட்டேன்னு சூடம் அணைச்சாரு இல்ல, அன்னிலேர்ந்து காலால ஒதைக்கறாரு. காதுல அறைஞ்சது மாடு இல்ல, இவுருதான். பெல்ட்டால அடிச்சது முதுவுல இருக்குது, பாக்கறியா? எங்கம்மாவுக்கும் தெரியும். தெரியாதாம்மா ஒனக்கு? சொல்லு. அக்கா, கேட்டுக்க. நான்தான் சொல்றேன். எவளும் எனக்குச் சொல்லிக் குடுக்கல."

யாரோ போனைக் கவிழ்த்தார்கள். லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. உதவி எண்ணுக்குப் போட்டேன். நீங்கள் அழைத்த எண் சரியானதல்ல என்று அந்தப் பெண் மறுபடியும் சொன்னாள். மதி என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

7

கலா அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். தலையில் ரத்தம் வழியும் பிள்ளையைப் பார்த்துக் கண்டக்டர் ஏதும் கேட்காமல் உட்காரச் சொன்னாராம். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் தரணிக்குத் தையல் போட்டார்கள். என்ன ஆச்சு என்று கேட்ட டாக்டரிடம் கலா மாட்டை இழுக்கவில்லை. "அவங்கப்பா சொம்பால அடிச்சிட்டாருங்க" என்றாள். மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்குத் தானே போனாள். அதே போலீஸ் அம்மாதான் இருந்தார். "போன தடவ இல்லன்ன, இந்தத் தடவ ஆமாங்கற, உன்ன எப்டி நம்பறது?" என்று மதியம்வரை வெளியே உட்காரவைத்தார். கலா உட்கார்ந்தாள். எழுந்து வரவில்லை.

இப்போது வழக்கு நடக்கிறது. நடக்கிறது என்றால் வாய்தா வாய்தாவாக நகர்கிறது. அம்மாவும் அண்ணனும் பழனி பக்கம் சாட்சி. என் ஊர் எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் அண்ணன் சாகவிட்டுவிட்டார். பேங்க் வேலை ஒன்றும் ஓடவில்லை. புருஷனை விட்டு வந்தவளுக்கு ஊரில் யாரும் வாடகைக்கு வீடு கொடுக்கவில்லை. கருணாபுரத்தில் சாராயச் சாவில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண்தான் தன் வீட்டில் ஒரு பக்கத்தைத் தடுத்துக் கொடுத்தாள். "என் ஆளு குடிச்சான், செத்தான். உன் ஆளு குடிக்கல, நல்லா இருக்கறான். வுடு, ரெண்டு பேரும் ஒரே அடுப்புல ஒல வைக்கலாம்" என்றாளாம். கலா ஜவுளிக்கடை ஒன்றில் சேலை பிரித்துக் காட்டுகிறாள். இடது பக்கம் நின்று பேசும் வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்குகிறாள். பழனி இன்னும் மலைக்கு வண்டி ஓட்டுகிறான். இன்னும் குடிப்பதில்லை.

சென்ற வாய்தாவில் கலாவைக் கூண்டில் ஏற்றிப் பழனியின் வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார். உள்ளே நடந்ததைச் சாயங்காலம் தரணிதான் போனில் எனக்குச் சொன்னாள். சத்தியத்துக்குப் பயந்துதான் ஸ்டேஷனில் பொய் சொன்னேன் என்றிருக்கிறாள் கலா. வக்கீல் அதையே பிடித்துக்கொண்டார்.

"சத்தியத்த மீறுனா புள்ளைக்கு ஆவாதுன்னு நம்பற பொம்பளதானம்மா நீ? அப்ப புள்ள செத்தாலும் பரவால்லன்னுதான் புருஷன் மேல புகார் குடுக்க வந்த. அப்படித்தான?"

இடது பக்கம் நின்று கேட்டிருக்கிறார். கலா, "கேக்கலீங்க, இன்னொரு தரம் சொல்லுங்க" என்று வலது காதைத் திருப்பினாளாம். அந்தக் கேள்வியை அந்த மனுஷர் முழுசாக இன்னொருமுறை சொன்னார்.

"எம்புள்ள அதோ பின்னால உக்காந்துக்கினு இருக்குதுங்க" என்றாளாம் கலா. "சத்தியத்த மீறுனதால அதுக்கு ஒண்ணும் ஆவலீங்க. மீறாம இருந்தப்பதான் மண்ட ஒடஞ்சிது."

"அப்பறம்?" என்றேன் நான்.

"எல்லாரும் திரும்பி என்னப் பாத்தாங்க பெரியம்மா" என்றாள் தரணி. "ஜட்ஜம்மா கூட பாத்தாங்க. யாரும் என்ன எழுந்திருக்கச் சொல்லல. நானே எழுந்து நின்னுட்டேன்."